கல்யாணப் பத்திரிகை வாழ்க, கிரயப் பத்திரம் ஒழிக!

உங்கள் வீட்டில் இருக்கிற காகிதங்களிலேயே ரொம்ப உசத்தியான காகிதம் எது? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரமா? பையனின் டிகிரி சர்டிபிகேட்டா? தாத்தா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தொடர்கதையா?

எதுவும் இல்லை. போன முகூர்த்தத்துக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த கல்யாணப் பத்திரிகைதான்.

சந்தேகமாக இருந்தால் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கும். நடுவில் ஒரு ரோஜா இதழோ வைக்கோல் துணுக்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஹேண்ட்மேட் சார், அதான் ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி' என்று கடைக்காரர் பெண் வீட்டாரிடம் சொல்லியிருப்பார். பனியன் கம்பெனிகளில் மிச்சமாகிற வெட்டுத்துணியை ஊறவைத்து, கூழாக்கி, ஒவ்வொரு தாளாகக் கையால் அள்ளிச் செய்த பருத்திக் காகிதம் அது. ஒழுங்காகச் செய்திருந்தால் உங்கள் பேரனின் பேரன் காலத்திலும் அப்படியே இருக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசப்ஷன் என்று சொல்வது. வியாழக்கிழமை காலையில் அதன் பணி முடிந்தது. பரணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் சாமி படத்தைக் கிழிக்க மனசு வராமல் டீப்பாயில் பல்லியோடு குடித்தனம் நடத்தும்.

அதே வீட்டு பீரோவில் கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ் மடிப்பில் விண்டுபோய், செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துக் கிடக்கிறது.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, வருவாய்ச் செலவு வேறு, மூலதனச் செலவு வேறு என்பது. சாப்பிட்டுத் தீர்க்கிற இட்லி முதல் வகை, இட்லிப் பானை இரண்டாம் வகை. இரண்டையும் மாற்றி எழுதினால் ஃபெயில். தமிழ்ச் சமூகம் காகித விஷயத்தில் இந்தப் பரீட்சையில் வருஷா வருஷம் கோட் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் இருக்க வேண்டியதை 300 வருஷக் காகிதத்தில் அடிக்கிறோம். 300 வருஷம் இருக்க வேண்டியதை, மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி, கிடைத்த காகிதத்தில் அடித்துத் தள்ளுகிறோம்.

இந்த எரிச்சல் எனக்கு முதலில் வந்த இடம் இத்தாலி. சில வருஷங்களுக்கு முன்னால் நேப்பிள்ஸ் வரைக்கும் ஒரு வேலையாகப் போனபோது, அப்படியே கடலோரமாக பஸ் பிடித்து அமால்ஃபி என்ற ஊருக்குப் போனேன். பஸ் போகிற பாதையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. டிரைவர் ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங், கீழே கடல். போகட்டும்.

அமால்ஃபி ஒரு காலத்தில் தனிக் குடியரசு. அரபு நாடுகளோடு கப்பல் வியாபாரம் நடத்திய ஊர். காகிதம் செய்கிற வித்தை அந்த வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் ரொம்பச் சின்னது. கத்தீட்ரல் வாசலிலிருந்து மலையைப் பார்க்க ஒரே ஒரு தெரு ஏறுகிறது. தெருவுக்கு அடியில் ஆறு ஓடுகிறது, மேலே மூடிவிட்டார்கள். எலுமிச்சை சோப்பு, எலுமிச்சை சாராயம், எலுமிச்சை போட்ட பீங்கான் தட்டு எல்லாவற்றையும் தாண்டி மேலே போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அந்தப் பள்ளத்தாக்குக்கே ஆலைகளின் பள்ளத்தாக்கு என்றுதான் பெயர். வரிசையாகக் காகித ஆலைகள் இருந்த இடம். 1954-ம் வருஷம் அக்டோபரில் வந்த வெள்ளம் அதில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. தப்பித்த ஒரு ஆலையை அதன் முதலாளி நிக்கோலா மிலானோ 1969-ல் மியூசியத்துக்குக் கொடுத்தார். கல் கட்டடம், உள்ளே இறங்கிப் போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி குளிர்.

மியூசியம் என்றவுடன் கண்ணாடிப் பெட்டி, தூங்குகிற வாட்ச்மேன், 'தொடாதே' போர்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே எல்லாம் ஓடுகிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்தோடு ஒரு பெரிய மரத்தண்டு சுற்றுகிறது. அதில் இருக்கிற முட்டுகள் வரிசையாக மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடுகின்றன. கீழே கல் தொட்டியில் கந்தல் துணி. நம்ம ஊர் உரலும் உலக்கையும்தான். குத்துகிற ஆளுக்குப் பதில் ஆறு.

அந்தச் சம்மட்டிகளின் அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. முதல் தொட்டியில் கூரான, நீளமான ஆணி. அது துணியைக் கிழிப்பதற்கு. அடுத்ததில் மழுங்கிய ஆணி. அது நாராகப் பிரிப்பதற்கு. துணியை வெட்டிவிட்டால் நார் குட்டையாகிவிடும், காகிதம் பலமில்லாமல் போகும். கிழிக்க வேண்டும், பிரிக்க வேண்டும், ஆனால் வெட்டக் கூடாது. எழுதத் தெரியாத ஒரு தச்சனும் கொல்லனும் 13-ம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்த விஷயம் இது. 17-ம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர்கள் இரும்புப் பற்கள் வைத்த ஒரு உருளையைக் கண்டுபிடித்தார்கள். சம்மட்டி நாள் கணக்கில் செய்ததை அது மணிக்கணக்கில் செய்தது. அந்த மிஷினும் அமால்ஃபிக்கு வந்தது. அங்கேயே பக்கத்தில் நிற்கிறது.

கூழைப் பெரிய தொட்டியில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு நீர்மோர். அதில் கம்பி வலை கட்டிய மரச் சட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, அடியில் படுக்கவைத்து, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் இடமும் வலமும் ஒரு குலுக்கு. தண்ணீர் வடிந்து வலை மேல் வெள்ளையாக ஓர் ஏடு நிற்கும். கம்பியில் வளைத்துக் கட்டின சின்னமோ எழுத்தோ அந்த இடத்தில் கூழை மெல்லிசாக்கும், அதுதான் வாட்டர்மார்க். அந்த ஏட்டைக் கம்பளித் துண்டின் மேல் கவிழ்த்து, மேலே இன்னொரு கம்பளி, அதன் மேல் இன்னொரு ஏடு என்று அடுக்கி, மரத் திருகு பிரஸ்ஸில் வைத்து நசுக்கினால் தண்ணீர் கொட்டும். பிறகு ஒவ்வொன்றாக உரித்து மாடியில் கொடியில் காயப்போட வேண்டும். காய்ந்த பிறகு ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் காய்ச்சின வஜ்ஜிரத்தில் முக்கி மறுபடி காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் மை ஊறிப் பரவிவிடும்.

வருகிறவர்களுக்கும் சட்டத்தைக் கொடுத்து அள்ளச் சொல்கிறார்கள். பார்க்கச் சுலபமாக இருக்கிறது. நான் அள்ளின தாள் ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் ஊத்தப்பம். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர் நாள் முழுக்க, சிலீரென்ற தண்ணீரில் முழங்கை வரை விட்டுக்கொண்டு, ஒரே கனத்தில் நூற்றுக்கணக்கான தாள்களை அள்ளினார். பெண்கள் ஊர்க் கந்தலையெல்லாம் பிரித்து, பட்டன் அறுத்து, தையல் பிரித்து, அதிலிருந்து வந்த தூசியையும் நோயையும் வாங்கிக்கொண்டார்கள். 'ஆஹா, அந்தக் காலத்துக் கைத்தொழில்!' என்று கண்ணை மூடிக்கொண்டு உருகுகிற ஆள் நான் இல்லை. அந்த வேலையை என் எதிரிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் வந்த பொருள்?

1231-ம் வருஷம். தெற்கு இத்தாலியையும் சிசிலியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃப்ரெடரிக் மெல்ஃபி என்ற ஊரில் ஒரு பெரிய சட்டத் தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு ஷரத்து: அரசாங்கப் பத்திரங்கள், ஒப்பந்தங்கள் எதையும் காகிதத்தில் எழுதக் கூடாது, ஆட்டுத் தோலில்தான் எழுத வேண்டும். காகிதம் சீக்கிரம் அழிந்துவிடும், பிற்காலத்துக்கு ஆதாரம் நிற்காது என்பது ராஜாவின் கவலை. அமால்ஃபியின் பெயரும் அந்த ஷரத்தில் வருகிறது. காகிதம் செய்கிற ஊரிலேயே காகிதத்துக்குத் தடை!

ராஜா சொன்னதில் அப்போது நியாயம் இருந்தது. மாவுக் கஞ்சி போட்டுப் பதப்படுத்தின அந்தக் காலத்து அரபுக் காகிதத்தை ஈரமும் பூச்சியும் தின்றன. அதற்கப்புறம்தான் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் கஞ்சிக்குப் பதில் தோல் வஜ்ஜிரம் போட்டுப் பிரச்சனையைத் தீர்த்தார்கள். இருந்தாலும் அந்தப் பழைய காகிதமே ராஜாவைத் தோற்கடித்துவிட்டது. 1109-ல் சிசிலியை நிர்வகித்த அதலாசியா என்ற ராணி கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதச் சொல்லி அனுப்பின ஒரு கடிதம் பலேர்மோ ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. காகிதத்தில். ஐரோப்பாவில் மிச்சமிருக்கிற மிகப் பழைய காகித ஆவணங்களில் ஒன்று அது. 900 வருஷம் தாண்டிவிட்டது.

நான் சொல்ல வருவது ராணியை அல்ல, ராஜாவை. எழுத்து எதில் நிற்கிறது என்று ஒரு அரசாங்கம் கவலைப்பட்டது. அதற்கு ஒரு சட்டம் போட்டது. 1231-ல்! நம் தலைமைச் செயலகத்தில் யாராவது, என்றைக்காவது, இந்த ஃபைல் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள். ஃபைலை எப்படித் தாமதப்படுத்துவது என்று தெரிந்த அளவுக்கு எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாது.

சரி, கந்தல் காகிதம் அப்படி நிற்குமென்றால் நம் அப்பா காலத்துப் புத்தகம் ஏன் தொட்டால் உதிர்கிறது? இது மர்மமே இல்லை. புத்தகம் படிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், கந்தல் பற்றவில்லை. பல நாடுகள் கந்தல் ஏற்றுமதிக்கே தடை போட்டன. 1807-ல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர் ஒவ்வொரு தாளாக வஜ்ஜிரத்தில் முக்குவதற்குப் பதில், கூழிலேயே மரப்பிசினையும் படிகாரத்தையும் கலந்துவிடும் வழியைச் சொன்னார். வேலை மிச்சம். 1840-களில் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரத்தைச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கினார். கந்தலே வேண்டாம். காகிதம் கொள்ளை மலிவாயிற்று. படிகாரம் மெதுவாக அமிலமாகிக் காகிதத்தின் நாரை உள்ளிருந்தே அறுக்கும். அரைத்த மரத்தில் நாரோடு ஒட்டிக்கொண்டு வரும் லிக்னின் வெயில் பட்டால் பழுப்பேறும். பழைய பேப்பர் கடையில் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அது காகிதம் சாகிற வாசனை. சூடும் ஈரமும் இதை இன்னும் வேகப்படுத்தும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமா?

இதற்காக மலிவுக் காகிதத்தைத் திட்டக் கூடாது. அது இல்லாவிட்டால் வாரப் பத்திரிகை ஏது, பள்ளிக்கூட நோட்டு ஏது? கந்தல் காகிதம் மட்டுமே இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன், நீங்களும் டீக்கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். வாரப் பத்திரிகை ஒரு வாரம் நின்றால் போதும். கேள்வி, நிற்க வேண்டியவற்றைப் பற்றி.

1950-களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்ற பழைய ஆவணங்களைச் செப்பனிடுகிறவர் 1900-லிருந்து 1949 வரை அச்சான 500 புத்தகங்களை எடுத்துச் சோதித்தார். பெரும்பாலானவை இன்னும் 50 வருஷம்கூடப் புழக்கத்தில் தாங்காது என்று 1959-ல் அறிக்கை கொடுத்தார். நூலகர்கள் பதறிப் போனார்கள். அதோடு நிற்காமல் பாரோ அமிலம் இல்லாமல் மிஷினிலேயே நல்ல காகிதம் செய்ய முடியும் என்றும் காட்டினார். 1990-ல் அமெரிக்க காங்கிரஸ், நிலைத்த மதிப்புள்ள அரசாங்க வெளியீடுகளை அமிலமில்லாத நிலைத்த காகிதத்தில் அச்சிட வேண்டும் என்று தீர்மானம் போட்டுச் சட்டமாக்கியது. 1994-ல் ஐஎஸ்ஓ 9706 என்று உலகத் தரமே வந்துவிட்டது. அமிலம் கூடாது, அமிலம் வந்தாலும் சமாளிக்கச் சுண்ணாம்புச் சத்து இத்தனை சதவீதம் இருக்க வேண்டும், கிழியாமல் இவ்வளவு தாங்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் புத்தகங்களின் முதல் பக்கங்களில் வட்டத்துக்குள் எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு குறி பார்த்திருப்பீர்களே, அதன் அர்த்தம் இதுதான்.

இப்போது உங்கள் அலமாரியிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். கொஞ்சம் பழையதாக இருந்தால் நல்லது. இரண்டாம் பக்கத்தில் நூல் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும். நூலக ஆர்டருக்காகப் போடுவது. அளவு கிரௌன், எழுத்து 11 புள்ளி, பக்கம் இத்தனை, விலை இத்தனை. அதில் ஒரு வரி, 'தாளின் தன்மை'. ஆஹா, நம்மவர்களும் யோசித்திருக்கிறார்களே என்று ஆசையாகப் பார்த்தால், எதிரே '11.6 கிலோ' என்று இருக்கும்.

பெண்ணின் குணம் எப்படி என்று கேட்டால் எடை சொல்கிற மாதிரி!

கிலோ எதற்கு? கிலோ கணக்கில்தானே காகிதம் வாங்குகிறோம், ஃபாரம் கணக்கில்தானே விலை போடுகிறோம். பழைய பேப்பர் கடைக்காரரும் கிலோ கணக்கில்தான் வாங்குவார். தயாரிப்பில் தொடங்கி இறுதி யாத்திரை வரை ஒரே அளவுகோல். அமிலமா, இல்லையா? அரைத்த மரமா, வேகவைத்துச் சுத்தம் செய்த கூழா? அந்த வரியில் எழுத வேண்டியது இதுதான். ஒரு பதிப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், நல்ல புத்தகம் போடுகிறவர். 'சார், அட்டை பளபளன்னு இருக்கான்னு கேக்கறாங்க, லைப்ரரில எடுப்பாங்களான்னு நாங்க கேக்கறோம், தாள் எத்தனை வருஷம் நிக்கும்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை' என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கேட்ட ஆள் ஒருத்தர் இந்த மண்ணில் இருந்திருக்கிறார், 300 வருஷத்துக்கு முன்னால். அமால்ஃபி மியூசியத்தின் பெயரில் 'கார்த்தா' என்று ஒரு சொல் வரும், காகிதம் என்று அர்த்தம். போர்ச்சுகீசியர்கள் வழியாக அதன் பங்காளிச் சொல் ஒன்று நம்மிடமும் வந்து 'கடுதாசி' ஆயிற்று. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாறில் ஓர் இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். 1715-ஐ ஒட்டி சீகன்பால்க் அங்கே ஒரு காகித ஆலை வைத்தார். அவருக்கு வேறு வழியில்லை. கப்பலில் வருகிற ஐரோப்பியக் காகிதத்தை நம்பித்தான் தமிழ் அச்சகம் ஓடியது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பின தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதத்தைத் தின்று தீர்த்தன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது போதாமல் காகிதத்தையே இங்கே செய்து பார்த்தார்கள். ஆலை நீடிக்கவில்லை. ஆனால் அதே 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதிகள் இன்றும் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. அக்காலத்துக் காகிதம் எல்லாமே கையால் அள்ளின கந்தல் காகிதம். 1715-ல் அச்சான தமிழைப் புரட்டிப் படிக்கலாம். 1955-ல் அச்சான தமிழ் நாவலைப் புரட்டினால் மடியில் உதிர்கிறது.

இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ், 1578 என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். சந்தோஷம். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் ஏன் வந்தது என்று மயிலாடுதுறை மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சக்கரம் சுற்ற வேண்டாம், சம்மட்டி குத்த வேண்டாம், ஒரு தொட்டியும் ஒரு வலைச் சட்டமும் வைத்து, தரங்கம்பாடிக் கோட்டை பார்க்க வருகிற பிள்ளைகளை ஒரு தாள் அள்ளச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குவதற்குப் பதில் தன் தாளில் எழுதிக்கொண்டு போவான்.

கைக்காகிதமே நம்மிடம் இல்லாமல் போய்விடவில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறை 1959-லிருந்து இருக்கிறது. ராஜஸ்தானில் சாங்கானேர் என்ற ஊரில் காகிதம் செய்வதையே குலப்பெயராக வைத்துக்கொண்ட காக்ஜி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கின்றன. அந்த ஊரில் இருக்கிற தேசியக் கைக்காகித ஆய்வு நிறுவனத்துக்கு யார் பெயர் தெரியுமா? ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த தமிழர். லண்டனில் படித்த ஆடிட்டர். கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு காந்தியோடு போய்ச் சேர்ந்து, 1934-ல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தி, கைக்காகிதத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். 1945-ல் அவர் எழுதின புத்தகத்தின் தலைப்பே நிலைத்த பொருளாதாரம் பற்றியது. வரவு செலவில் எது நிலைக்கிறது, எது கரைகிறது என்று பார்க்கச் சொன்ன ஆடிட்டர். பி.காம். பாடப் புத்தகத்தில் நான் படித்தவரை அவர் பெயர் ஒரு வரிகூட இல்லை.

பட்டறைகள் என்ன செய்யும்? கேட்கிறதைத்தான் செய்யும். நாம் கேட்பது லாம்ப் ஷேடு, கிஃப்ட் கவர், ரோஜா இதழ் ஒட்டின கல்யாணப் பத்திரிகை. பல்கலைக்கழகங்களும் பதிவுத்துறையும் ஆவணக் காப்பகமும் நல்ல கனமான, அமிலமில்லாத பருத்திக் காகிதம் கேட்டு ஆர்டர் கொடுத்தால் அதையும் செய்யும். பட்டம், பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரத்தின் மூலப்பிரதி, இவ்வளவுதானே? ஒரு மனுஷன் வாழ்க்கையில் இப்படி எத்தனை தாள் தேவைப்படும்? விரல் விட்டு எண்ணலாம். புத்தகத்துக்குக் கைக்காகிதம் வேண்டாம், கட்டுப்படியாகாது. அதற்கு மிஷின் காகிதத்திலேயே நிலைத்த ரகம் உண்டு. இன்று வருகிற நல்ல ஜெராக்ஸ் பேப்பரில் பலவும் அமிலமில்லாத முறையில்தான் தயாராகிறது. ஆக, தொழில்நுட்பம் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அரசாங்க டெண்டரில் ஒரு வரியும் நூலக ஆர்டரில் ஒரு நிபந்தனையும்தான் பாக்கி. 'தாளின் தன்மை' என்ற அந்த வரியில் கிலோவுக்குப் பக்கத்தில் அமிலமற்றது என்று எழுதாத புத்தகத்தை நூலகத்துறை வாங்காது என்று நாளைக்கு ஒரு ஆணை வரட்டும், நாளன்றைக்கு எல்லாப் பதிப்பாளரும் மாறுவார்களா இல்லையா?

'எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்ல சார், காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறீங்க' என்பீர்கள். தெரியும். 1998-ல் ஃப்ளாப்பியில் போட்டு வைத்த கட்டுரையை இன்று எந்தக் கம்ப்யூட்டரில் திறப்பீர்கள்? அதலாசியா ராணியின் கடிதத்தைத் திறக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும். தமிழ் மின்நூலகம் 2017-லிருந்து நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் பண்ணப் பக்கம் உயிரோடு இருக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் சொத்தையெல்லாம் போட்டுச் சுமார் ஒரு லட்சம் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதை விலை கொடுத்து வாங்கக் கடல் தாண்டி சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. 1994-ல் சென்னையில் நூலகம் அமைந்து, உதிர்கிற பக்கங்களை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். உதிர்ந்து முடிந்த பக்கங்களை யார் எடுக்க முடியும்?

வெள்ளமும் ஒரு பரீட்சை. 1966 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நகரத்தின் தேசிய நூலகத்துக்குள் ஆறு புகுந்து சேறு நிறைந்தது. பழைய கந்தல் காகிதப் புத்தகங்களைப் பிரித்து, தண்ணீரிலேயே அலசி, காயவைத்து, மறுபடி தைத்துக் காப்பாற்றினார்கள். பிற்காலத்து வழவழ ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் செங்கல்லாக ஒட்டிக்கொண்டுவிட்டன. 2015 டிசம்பரில் சென்னையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரம், பட்டா, மார்க் ஷீட் எல்லாம் கூழாகி, டூப்ளிகேட் வாங்க முகாம் முகாமாக க்யூவில் நின்றோம். க்யூவில் நின்று வாங்கின டூப்ளிகேட்டை வெள்ளத்துக்கு பயந்து நேராக எங்கே கொண்டுபோனோம்? லேமினேஷன் கடைக்கு.

இதுதான் உச்சம். ஒரு தாளைச் சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு, பசை தடவின பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் உருக்கி ஒட்டுவது! உள்ளே இருக்கிற அமிலம் உள்ளேயே இருக்கும், பிறகு பிரிக்கவே முடியாது, பிரித்தால் மையோடு சேர்ந்து வரும். உலகத்தில் எந்த ஆவணக் காப்பாளரைக் கேட்டாலும் வேண்டாம் என்பார். நாம் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கொடுத்து, கூட ரெண்டு சாமி படத்தையும் போட்டுத் தரச் சொல்கிறோம்.

அரசாங்கம் ஆணை போடும்போது போடட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பீரோவைத் திறந்து ஒரு மணி நேரம் செலவழியுங்கள். பத்திரங்களை லேமினேட் செய்யாமல், ரப்பர் பேண்டு போடாமல், மடிக்காமல், சாயம் போகாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஈரமும் வெயிலும் படாத தட்டில் வையுங்கள். மொட்டை மாடிக்கு அடியில் இருக்கிற பரண் ஆகவே ஆகாது. பாங்க் ஏ.டி.எம். சீட்டு, கடை பில் மாதிரி வழவழப்பான தாளில் ஏதாவது முக்கியமாக இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்த எழுத்து சூட்டில் வந்தது, தானாகவே மங்கிப் போகும். கிரயப் பத்திரத்தில் குண்டூசி குத்தியிருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள். துரு ஏறியிருக்கும்.